தபால் நாரை நடந்தபோது

என் அப்பா சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். ஆபீசுக்கு வரும் செய்தித்தாளை முதலாளி படித்து, மேனேஜர் படித்து, லோடுக்காகக் காத்திருக்கும் டிரைவர்கள் படித்து முடித்த பிறகு, டீ கிளாசின் வட்டம் பதிந்த நிலையில் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வரும். எங்களுக்கு எல்லாச் செய்தியும் ஒருநாள் பழையது. எனக்கு அது ஒரு குறையாகவே இல்லை. எனக்கு வேண்டியது உள்பக்கத்தின் கீழ்மூலையில் இருந்த மூன்று கட்டங்கள் மட்டும்தான். அதற்குப் பெயர் தபால் நாரை.

வெளிநாட்டில் யாரோ வரைந்த சித்திரக்கதை. மெட்ராசில் யாரோ தமிழில் வசனம் எழுதினார்கள். தலையில் காக்கித் தொப்பியும் தோளில் பையுமாக ஒரு நாரை, ஒரு சதுப்பு நிலத்து ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுக்கும். முதல் கட்டத்தில் ஏதாவது ஒரு வாசலில் நிற்கும். இரண்டாவது கட்டத்தில் தவளையோ கீரிப்பிள்ளையோ கதவைத் திறந்து ஏதாவது திட்டும். மூன்றாவது கட்டத்தில் நாரை ஒரு பதில் சொல்லும். அவ்வளவுதான். அந்தப் பதிலுக்காகத்தான் நான் ஒருநாள் காத்திருப்பேன்.

எனக்குப் படிக்கத் தெரிந்த பிறகும் அப்பாதான் அதை வாசித்துக் காட்டுவார். அச்சில் இருப்பதை அப்படியே வாசிக்க மாட்டார். "ஐயா, தங்களுக்குக் கடிதம் வந்துள்ளது" என்று அச்சாகியிருந்தால் அப்பாவின் நாரை, "ஏனுங்க, ஊட்ல ஆருங்க? தபாலுங்க" என்று கேட்கும். தவளை கோபித்துக்கொண்டால், "கோவப்படாதீங்க. மழ வந்தா நீங்கதான் கத்தோணும், தொண்டையை வெச்சுக்கோங்க" என்று சொல்லும். அவசரப்படாத, யாருக்கும் பயப்படாத, மரியாதை குறையாத ஒரு குரல். ஆபீசில் அப்பாவுக்கு அந்தக் குரல் கிடையாது. அங்கே அவர் பேசுவது பெரும்பாலும் "சரிங்க" மட்டும்தான். அந்தக் குரலை அவர் நாரைக்காகவே வைத்திருந்தார் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இடது கால் சூம்பியிருந்தது. இரண்டு வயதில் வந்த காய்ச்சலோடு வந்த இளம்பிள்ளை வாதம். நடக்கும்போது இடது கையை முழங்காலுக்கு மேலே ஊன்றி அழுத்திக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் இறக்கி, பிறகு வலது காலை எடுத்து வைப்பேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்பதால் அது எனக்கு நடைதான். அதை யாராவது வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஊனம் என்று ஞாபகம் வரும்.

நாரை எல்லாப் படத்திலும் ஒற்றைக் காலில் நிற்கும். மற்றது மடங்கி இறகுக்குள் இருக்கும். ஒருநாள் அப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன்.

"நாரைன்னா அப்படித்தான் சாமி நிக்கும்" என்றார். "நம்ம ஏரிக்கு வார நாரை எல்லாம் அப்படித்தான நிக்குது. அது அதோட நெலை."

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. பள்ளியில் பிரேயரின்போது நானும் சுவரில் சாய்ந்து வலது காலில் மட்டும் நிற்பேன்.

பள்ளியில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புங்கமரத்தடியில் பெண்கள் என்னைச் சுற்றி உட்காருவார்கள். "இன்னைக்கு நாரை ஆர் ஊட்டுக்குப் போச்சு?" என்று கேட்பார்கள். நான் அப்பாவின் குரலில் சொல்வேன். என் கைச்சரக்கையும் சேர்த்துக்கொள்வேன். மூன்று கட்டத்துக் கதையை மணி அடிக்கும்வரை இழுக்க எனக்குத் தெரியும். முதலாளியின் மகளும் என் வகுப்புதான். அவள் வீட்டில் அன்றன்றைய பேப்பர் வந்தது. ஆனாலும் அவள் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டாள். என்னிடம்தான் கேட்பாள். அவளுக்கு என் பக்கத்திலேயே இடம்.

எண்பதுகளின் நடுவில் முதலாளி வீட்டுக்கு டி.வி. வந்தது. எங்கள் தெருவின் மேல்கோடியில் இருந்த மாடி வீடு அது. சேலத்திலிருந்து வரும் ஒளிபரப்பு எங்கள் ஊர்வரை ஒழுங்காக எட்டாது. அதனால் மொட்டைமாடியில் உயரமான இரும்புக் குழாயை நட்டு, தார்ப்பாய் கட்டும் கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, அதன் உச்சியில் ஆன்டெனாவை வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரி கிளீனர் ஒருவர் மேலே நின்று குழாயைத் திருப்ப, கீழேயிருந்து, "இன்னும் கொஞ்சம் அக்கட்டால" என்று கத்துவார்கள். படத்தில் எப்போதும் பொடி மழை பெய்துகொண்டிருக்கும். டில்லியிலிருந்து வரும் இந்தி யாருக்கும் புரியாது. ஆனாலும் தெருவே அங்கேதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில், நாரையின் மூன்று கட்டத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி வந்தது. நம் தபால் நாரை இனி ஞாயிறுதோறும் டி.வி.யில் சிறுவர்களுக்கான கார்ட்டூன் தொடராக வருகிறது என்று போட்டிருந்தார்கள். அப்பா அதை வாசித்தார். நான் குதிக்க முடியாததால் கையைத் தட்டினேன். அப்பாவோ பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "டி.வி.யில எல்லாம் நல்லா இருக்காது அம்மிணி. இதுதான் நல்லா இருக்கும்" என்றார். நான் டி.வி. பார்க்கப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும்தான் எனக்குப் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டு ஹாலில் உட்கார இடமில்லை. முதலாளியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் சோபாவில். நாங்கள் மொசைக் தரையில். முதலாளியின் மகள் எனக்காக முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"நீ முன்னால உக்காரு. உன்ற நாரைதான வருது. என்ன பேசுதுன்னு எங்களுக்குச் சொல்லோணும்" என்றாள்.

பாட்டு முடிந்து படம் தொடங்கியது. சதுப்பு நிலம், குடிசை, தவளையின் கதவு எல்லாம் சரியாக இருந்தன. பிறகு படத்தின் ஒரு ஓரத்திலிருந்து நாரை வந்தது.

அது நடந்து வந்தது. பேப்பரில் அது ஒருநாளும் நடந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே அது எப்போதும் ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்டிருக்கும். இங்கே அது வாசலுக்கு வந்தாக வேண்டியிருந்தது. அதன் ஒரு கால் குட்டையாக இருந்தது. இடது இறக்கையை முழங்காலில் ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் இறக்கி, மறுகாலை எடுத்து வைத்தது. உடம்பு இறங்கும் ஒவ்வொரு முறையும், ஸ்பிரிங்கை இழுத்து விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. டொய்ங்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது வேடிக்கையான சத்தம்தான். டொய்ங், டொய்ங் என்று அது சதுப்பு நிலம் முழுவதையும் கடந்து வந்தது. எனக்குப் பின்னால் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலாளியின் மகள் டி.வி.யைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, அது அப்பிடியே உன்னாட்டம் நடக்குது" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. கண்டுபிடித்ததைச் சொன்னாள்.

ஹாலில் இருந்த அத்தனை தலையும் திரும்பின. முதலாளியம்மா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அட ஆமா. கையை வெக்கறது கூட அப்படியே இருக்குது பாரேன்" என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சோபாவில் இருந்த பெண்களும் சிரித்தார்கள்.

நாரை பேசியது. கீச்சுக் குரலில் இந்தி. என்ன சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தவளை திட்டியதற்கு அது நல்ல பதிலாகத்தான் சொல்லியிருக்கும். ஆனால் அந்தப் பதில் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. நடையும் சத்தமும் மட்டும்தான் வந்து சேர்ந்தன.

படம் முடிந்ததும் நான் எழுந்தேன். வேறு யாரும் எழவில்லை. எல்லோரும் நான் நடப்பதைப் பார்ப்பதற்காக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையிலிருந்து வாசல்வரை ஹாலின் முழு நீளம். நான் கையை முழங்காலில் வைத்தேன். இடுப்பு இறங்கியபோது பின்னாலிருந்து முதலாளி மகளின் குரல் வந்தது. டொய்ங். அடுத்த அடிக்கு நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. வாசலைத் தாண்டுவதற்குள் ஹாலே சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டில் அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா, நாரைக்குக் கால் நொண்டியா?" என்று கேட்டேன்.

"டி.வி.க்காரன் அப்படி வரைஞ்சிருப்பான் சாமி" என்றார்.

"நெசமாச் சொல்லுங்கப்பா."

"நீ கைக்குழந்தையா இருக்கறப்பவே அந்தக் கதை வந்துட்டிருந்துச்சு. வேடன் வெச்ச கண்ணியில மாட்டி ஒரு கால் குட்டையாப் போயிரும். அதனாலதான் அதைப் பறக்கவிடாமத் தபால் வேலைக்குப் போட்டாங்கன்னு கதை. உனக்கு எதுக்கு அதைச் சொல்லோணும்னுதான்..."

அதை மறைத்தது என்மீது உள்ள பிரியத்தால்தான் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தோன்றியது வேறு. பேப்பர் படிக்கும் பெரியவர்கள் எல்லோரும் நாரை நொண்டி என்று தெரிந்துகொண்டேதான் படித்திருக்கிறார்கள். புங்கமரத்தடியில் நான் அதன் குரலில் கதை சொன்னபோது, அதைக் கேள்விப்பட்ட பெரியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தேன்.

திங்கட்கிழமை பள்ளியில் என் நடைக்குச் சத்தம் வந்துவிட்டது. முதலில் பெண்கள், பிறகு பையன்கள். அவர்கள் அதை ஒரு வித்தை மாதிரிப் பழகினார்கள். யார் சரியாக என் இடுப்பு இறங்கும் நேரத்துக்கு டொய்ங் சொல்கிறார்கள் என்பதில்தான் போட்டி. முந்தினால் தோற்றான். பிந்தினாலும் தோற்றான். நான் மெதுவாக நடந்தால் மெதுவாகச் சொன்னார்கள். நின்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அடியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அது அவர்களுக்கு இன்னும் நல்ல விளையாட்டாக இருந்தது. புங்கமரத்தடியில் கதை கேட்க யாரும் வரவில்லை. நாரை என்ன சொன்னது என்பதில் யாருக்கும் அக்கறை போய்விட்டது. அது நடந்தால் போதும்.

பெரியவர்களும் விடவில்லை. லாரி ஷெட் வழியாகத்தான் பள்ளிக்குப் போக வேண்டும். வரிசையாக நிற்கும் லாரிகளில் ஒன்றின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தவர், நான் கடந்துபோகும்போது என் ஒவ்வொரு அடிக்கும் ஏர்ஹாரனை லேசாகத் தட்டினார். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "நல்லாப் படி கண்ணு" என்று அவரே கையசைத்து வழியனுப்பினார். அவருக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லை. பிரியமாகத்தான் செய்தார். ஊரில் எனக்கு நடந்த எல்லாமே பிரியமாகத்தான் நடந்தது.

முதலாளியம்மா வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் எனக்கு ஆள் வரும். "அந்த நாரைக் குட்டியை வரச்சொல்லு." நான் மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நடந்து காட்டுனா தேய்ஞ்சா போயிருவ? எப்பவும் நடக்கற நடைதான?" என்றாள். "அவிங்க ஊட்டு உப்பைத்தான் திங்கறோம். போயிட்டு வா."

நான் போவேன். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பேன். பரமத்தி வேலூரிலிருந்து வந்த ஒரு விருந்தாளி, "அடப் பாவமே" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். ஒரே வாயால் இரண்டையும் செய்ய முடியும் என்பதை அங்கேதான் பார்த்தேன். முதலாளியம்மா என் கையில் முறுக்கு வைத்து, கன்னத்தைக் கிள்ளி அனுப்புவார்.

பள்ளி ஆண்டு விழா வந்தது. பந்தலும் மைக்செட்டும் முதலாளியின் உபயம். மாறுவேடப் போட்டிக்குப் பெயர் கேட்டபோது தலைமையாசிரியரே என் பெயரைச் சொன்னார். "நீ தபால் நாரை. உனக்கு வேஷம் கூடத் தேவையில்லை, தொப்பி இருந்தால் போதும்" என்றார். வகுப்பு சிரித்து முடிக்கும்வரை அவரும் புன்னகையோடு காத்திருந்தார்.

முதலாளியம்மா வெள்ளைத் துணியில் இறக்கை தைத்துக் கொடுத்தார். அட்டையில் மஞ்சள் காகிதம் ஒட்டி அலகு செய்தார்கள். அதெல்லாம் போதாது, சத்தம் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது இல்லாமல் நாரை நாரையாக இருக்காது. அப்பா குரல் மாற்றிப் பேசுவார் என்பது ஆபீசில் எப்படியோ தெரிந்திருந்தது. நான்தான் முதலாளியின் மகளிடம் எப்போதோ பெருமையாகச் சொல்லியிருப்பேன். முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அன்று ஆபீஸ் முடிந்து அப்பாவைக் கூட்டிவரப் போயிருந்த நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"ஏப்பா, நீ மைக்குல அந்தச் சத்தத்தை மட்டும் போட்டுரு. உம்புள்ள நடக்கறதுக்குச் சரியா இருக்கோணும். உனக்குத்தான் அவ அடி தெரியும்."

"வேற ஆராச்சும் போட்டா நல்லா இருக்குமுங்க" என்றார் அப்பா.

"வேற ஆருக்கு வரும்? சும்மா போடு. கலெக்டர் ஆபீசுல இருந்தெல்லாம் வாராங்க."

பிறகு அப்பாவின் குரல் கேட்டது.

"சரிங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் என் பக்கத்தில் வராமல் நாலடி முன்னால் நடந்தார். என் நடையைப் பார்க்காமல் இருக்கத்தான் அப்படி நடக்கிறார் என்று நினைத்தேன்.

விழா அன்று மைதானம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் முதலாளி, முதலாளியம்மா, சிறப்பு விருந்தினர்கள். ஒரு பாரதமாதாவும் ஒரு பால்காரியும் போன பிறகு என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். தலையில் தொப்பி, தோளில் பை, மூக்கின்மேல் அட்டை அலகு. மேடையின் ஓரத்தில் அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை.

நான் கையை முழங்காலில் ஊன்றினேன். இடுப்பு இறங்கியது.

டொய்ங்.

ஒலிபெருக்கி அந்தச் சத்தத்தை எங்கள் ஊர் மலைக்கோட்டைவரை கொண்டுபோனது. அது சரியாக இருந்தது. பள்ளியில் யாருக்கும் அவ்வளவு சரியாக வந்ததில்லை. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. முதலாளி சொன்னது உண்மைதான். என் அடி அவருக்குத் தெரிந்திருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு நான் மறுபடி நடக்கப் பழகியபோது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தவர் அவர்.

மைதானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேடையின் நடுவில் நான் நின்றுவிட்டேன். திட்டம் எதுவும் இல்லை. கால் எழவில்லை. அப்பாவைப் பார்த்தேன். ஒருவேளை அவர் அந்தக் குரலில், நாரையின் குரலில், இவர்களுக்கு ஒரு பதில் சொல்லுவார் என்று எனக்கு ஒரு நினைப்பு. மூன்றாவது கட்டத்தில் அது எப்போதும் சொல்லும். அவர் கையில் மைக் இருந்தது. ஊரே அமைதியாக இருந்தது. அவர் என்ன சொன்னாலும் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

முன்வரிசையிலிருந்து முதலாளி, "நடக்கச் சொல்லுப்பா" என்றார்.

அப்பா மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "நட சாமி" என்றார். "நடந்துரு. சீக்கிரம் முடிஞ்சிரும்."

அதுவும் ஒலிபெருக்கியில் போனது. அதற்கும் சிரித்தார்கள். நான் நடந்தேன். மேடையின் மறுகோடிவரை, ஒவ்வொரு அடிக்கும் அவர் சத்தம் போட்டார்.

எனக்கு முதல் பரிசு. முதலாளியின் லாரி சர்வீஸ் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு. அம்மா அதைப் புளி போட்டுக் கழுவி மறுநாளே எனக்குச் சோறு போட்டாள். நான் அதில் சாப்பிட மாட்டேன் என்று தள்ளிவைத்தேன். என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அதில் சாப்பிட்டார். அன்றிலிருந்து அது அவர் தட்டாகிவிட்டது.

ஆபீசிலும் அவருக்கு அதோடு முடியவில்லை. வெளியூர் ஏஜெண்டுகள் வந்தால் டீ குடிக்கும்போது முதலாளி, "ஏப்பா, அந்தச் சத்தத்தை ஒருக்கா போடு" என்பாராம். அப்பா போடுவாராம். சிலர் அவரை நாரை குமாஸ்தா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அப்பா மறுபடியும் பேப்பரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். விழாவுக்குப் பிறகு நான் அவரோடு அதிகம் பேசுவதில்லை. அதைச் சரிசெய்ய அவருக்குத் தெரிந்த வழி அதுதான் போலிருக்கிறது. உள்பக்கத்தைப் பிரித்து முழங்காலில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, ஊட்ல ஆருங்க?" என்று தொடங்கினார். பழைய குரல்தான். அவசரப்படாத குரல்.

நான் எட்டிப் பார்த்தேன். மூன்று கட்டமும் மாறியிருந்தன. நாரை வாசலில் நிற்கவில்லை. டி.வி. தொடர் பெயர் வாங்கிவிட்டதால் பேப்பரிலும் அதை நடக்கவிட்டிருந்தார்கள். முதல் கட்டத்தில் நாரை இறக்கையை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தது. அதன் குட்டைக் காலுக்குப் பக்கத்தில், சின்னச் சின்ன வளைகோடுகளுக்கு நடுவே, மெட்ராஸ்காரர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: டொய்ங்.

அப்பா அதை விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனார்.

"அப்பா, ஒண்ணை உட்டுட்டீங்க" என்றேன்.

"எதை?"

"அங்க கால்கிட்ட எழுதியிருக்குதே. அதையும் படிங்க."

"அது சும்மா படத்துக்குப் போட்டிருக்காங்க சாமி."

"மேடையில சொன்னீங்கல்ல. ஆபீசுல சொல்றீங்கல்ல. எனக்கும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். சமையல்கட்டில் அம்மா பாத்திரத்தை வைக்கும் சத்தம் நின்றது. நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் பேப்பரைப் பார்த்தார். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"டொய்ங்" என்றார். மைக் இல்லாததால் அது மிகச் சின்னதாக இருந்தது.

"ரெண்டாவது கட்டத்துலயும் இருக்குது" என்றேன்.

அதையும் படித்தார். மூன்றாவதையும் படித்தார். நாரையின் பதில் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பேப்பரை நாலாக மடித்து அலமாரித் தட்டில் விரிக்க அம்மாவிடம் கொடுத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அவர் எனக்காக அழுதது அந்த ஒரு தடவைதான். அதையும் நான்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவர் பேப்பரைக் கொண்டுவரவில்லை. நாரை எப்போது நின்றது, எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. டி.வி. தொடர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோய், அந்த நேரத்தில் வேறு எதுவோ வந்தது. பிள்ளைகள் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆனால் சத்தம் நிற்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாத சின்னக் குழந்தைகள் கூட அதைச் சொன்னார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் என் பெயரே அதுதான் என்று நினைத்தார்கள். ஒருமுறை ரேஷன் கடையில், பெயரைக் கூப்பிட வேண்டியவர் அதைச் சொல்லியே கூப்பிட்டார். நான் பையோடு முன்னால் போனேன்.

பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு சேலத்துக்குக் கூட்டிப்போய் என் காலுக்கு இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் செய்து போட்டார்கள். முழங்காலில் கையை ஊன்றாமல் நிமிர்ந்து நடக்க முடிந்தது. ஆனால் முழங்கால் பக்கத்து மூட்டில் கம்பி உரசி, ஒவ்வொரு அடிக்கும் கிரீச் என்று சத்தம் வந்தது. ஊர்க்காரர்கள் இனி வாயால் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. முதலாளியின் மகள் அப்போது கல்யாணமாகித் திருச்செங்கோடு போய்விட்டிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள் என்னை வழியில் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அட, இப்ப உனக்கே சத்தம் வருது" என்றாள். நான் அவள் வயிற்றைப் பார்த்தேன். என் மனதில் வந்ததை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பா ஷெட்டிலிருந்து ஒரு டப்பாவில் ஆயிலும் கொஞ்சம் கிரீசும் வாங்கி வருவார். நான் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவேன். அவர் தரையில் குந்தி, பழைய துணியால் கம்பியைத் துடைத்து, மூட்டில் ஒவ்வொரு சொட்டாக ஆயில் விடுவார். மடக்கிப் பார்ப்பார், நீட்டிப் பார்ப்பார், காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். சத்தம் இன்னும் இருந்தால் மறுபடி விடுவார். வேலை முடிந்ததும், "நடந்து பாரு சாமி" என்பார்.

அவர் அப்பால் போகும்வரை நான் நாற்காலியை விட்டு எழ மாட்டேன்.